வலது பக்கக் குச்சி

ரப்பர் பாலில் ஆசிட் விட்டதும் எழும்பும் புளித்த வாடை உனக்கு ஆகவே ஆகாது. "எட்டீ, சீக்கிரம் ஒட்டித் தொலை. எனக்கு ஓக்கானம் வருது" என்று மூக்கைப் பொத்திக்கொள்வாய். இன்று காலை உன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஒரு புதிய இறக்கையின் இரண்டு பாதிகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். சிரட்டையில் இருந்த பாலை விரலால் தொட்டுத் தெர்மாகோலில் தடவும்போது, பக்கத்தில் உன் அம்மை பால் ஷீட்டாக உறையும் தட்டுகளில் ஆசிட் கலந்தார். வாடை வந்தது. நான் வலதுபுறம் திரும்பிப் பார்த்தேன். நீ எப்போதும் என் வலதுபுறம்தான் இருப்பாய்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வாயால் சொல்வது எனக்கு அவ்வளவாக வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

உன் மாமா கல்ஃபிலிருந்து தன் மகனுக்குக் கொண்டுவந்த விமானத்தை நினைத்துக்கொள்கிறேன். முதல் நாளே தென்னையில் மோதி நொறுங்கியது. மோட்டார் கருகிப் போனது. மகன் அழுதுவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். மீந்த ரிமோட்டையும், வாலை அசைக்கும் சர்வோ என்ற தீப்பெட்டி அளவு மோட்டார்கள் இரண்டையும் நீ பாவாடை மடியில் அள்ளிக்கொண்டு வந்தாய். மோட்டார் இல்லாத கிளைடர் என்ற விமானத்தை மலைச்சரிவில் ஏறிவரும் காற்றிலேயே பறக்க வைக்கிறார்கள் என்று யாரோ எங்கேயோ பறக்கவிட்டதைப் போனில் காட்டினாய். நான் பாறசாலையில் யூனிபார்ம் தைக்கும் கடையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டதில் இருந்து நான் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. நீதான் எனக்கும் சேர்த்துப் பேசுவாய்.

"காத்து வெறுதே கிடைக்குதுட்டி. கரண்டு பில்லா வரப்போவுது?" என்றாய்.

பூவாரிலிருந்து மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகளைச் சந்தையில் கேட்டு வாங்கினாய். நான் அவற்றைக் கழுவி, வெயிலில் காயவைத்து, சூடாக்கிய கம்பியால் இறக்கை வடிவத்தில் அறுத்தேன். நடுவில் மூங்கில். வெளியே பிரவுன் டேப். வாலை இழுக்கக் குடைக்கம்பி. மூக்கில் பாரத்துக்கு வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு. எவ்வளவு கழுவினாலும் சாளைமீன் நாற்றம் போகவில்லை. நாம் பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினால், மீன்காரப் பெண்கள் வந்துவிட்டார்கள் என்று கண்டக்டர் இடம் விடுவார். "சாளை ஏர்லைன்ஸ் ஆக்கும் அண்ணே, ரெண்டு டிக்கெட்டு" என்று நீ சொன்னதற்குப் பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒற்றசேகரமங்கலம் பக்கம் ரப்பர் மரங்கள் நிற்கும் விளைகளுக்கு மேலே மொட்டையாக நிற்கும் அந்தப் பாறைக்கு மேற்கே மறைவே இல்லை. மத்தியானம் கழிந்தால் கடற்காற்று வந்து பாறையின் வயிற்றில் முட்டி மேலே ஏறும். அந்த ஏற்றத்தில் நிற்கும்வரை கிளைடர் கீழே வராது. இடது ஓரம் வரை போய், பாறையை விட்டு வெளிப்பக்கமாகத் திருப்பி, வலது ஓரம் வரை வந்து, மறுபடி வெளிப்பக்கமாகத் திருப்பி, இப்படியே காற்று உள்ளவரை ஓட்டலாம்.

ஓட்டுவது எப்படி என்பதில்தான் நாம் உலகத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தோம். போனில் பார்த்ததில் எல்லாம் விமானம் தெரிந்தது, கை தெரியவில்லை. ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது குச்சி மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும். வலது குச்சி இடமும் வலமும் திருப்ப. அதை மேலும் கீழும் அசைப்பது மோட்டாருக்கு. நமக்கு மோட்டார் இல்லாததால் அப்படி அசைத்தால் ஒன்றும் நடக்காது.

"ரெண்டு குச்சி உண்டு. நாம ரெண்டு பேரு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாய்.

அப்படியே ஆனது. ரிமோட் நமக்கு நடுவே. இடப்பக்கம் நான், என் வலது கட்டைவிரல் இடது குச்சியில். வலப்பக்கம் நீ, உன் இடது கட்டைவிரல் வலது குச்சியில். சும்மா இருக்கும் உன் வலது கையால் கிளைடரை எறிவாய். நீ திருப்புவாய், நான் தூக்குவேன். இதற்கு நமக்குப் பேச்சே தேவைப்படவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து பாறையைப் பார்க்க வந்த ஒரு காலேஜ் பையன் நம்மைப் பார்த்துத் தலையில் கைவைத்தான். ஒரே ஆள்தான் இரண்டு குச்சியையும் பிடிக்க வேண்டும் என்று சொல்லித் தந்தான். நீ கிளைடரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பதில் சொன்னாய்.

"அது கூட ஆளு இல்லாத்தவங்க பறத்துறது ஆக்கும் சேட்டா."

நாம் சிரித்த சிரிப்பில் கிளைடர் போய் ரப்பர் மரத்தில் உட்கார்ந்தது.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்தானே என்று எல்லோரும் நினைத்தோம். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. அதில் நீ இல்லை, டாக்டர்களும் பாட்டில்களும்தான் இருந்தார்கள். நாம் இரண்டு பேரும் முடித்து வைத்திருந்த பெரிய கிளைடர், நீ வாலில் சிவப்பு டேப் ஒட்டியது, பறக்காமலே உன் அறைச் சுவரில் ஆணியில் தொங்கியது.

நான் தையல் கடைக்குப் போனேன், வந்தேன். பாறைப் பக்கம் பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் கடை வாசலில் தொங்கவிட்டிருந்த யூனிபார்ம் பாவாடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிழக்கே பார்த்து எழும்பி நின்றன. முதலாளியம்மா ஓடிப்போய்ப் பிடித்தார். நான் மெஷினிலிருந்து எழும்பாமல் அவற்றையே பார்த்தேன். இன்றைக்குப் பாறையில் நன்றாகத் தூக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டது யார் என்றே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். நான் மாமி என்று கூப்பிடும் உன் அம்மை, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, அந்த ரிமோட்டு..."

"எடுத்துக்கோ மக்கா. உனக்கும் உள்ளதுதானே." பிறகு என் கண் உன் அறைச் சுவருக்குப் போனதைப் பார்த்துவிட்டார். "அது வேண்டாம். அது அவ கையி பட்டது. விழுந்து உடைஞ்சா நான் பெறவு என்னத்தப் பாத்துட்டு இருப்பேன்?"

தலையாட்டினேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது தீர்மானித்துவிட்டேன். சுவரில் மாட்டவா நாம் அந்த இறக்கைக்கு அத்தனை உப்புத்தாள் தேய்த்தோம்? அது பறக்க வேண்டும். மாமி பயப்படத் தேவையில்லாத அளவுக்கு நான் முதலில் கற்க வேண்டும். தனியாக, இரண்டு குச்சியும்.

பழகுவதற்கு ஒரு சின்னதைச் செய்தேன். எறிய ஆள் வேண்டுமே. என் அண்ணன் தன் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனான். வழி முழுக்கக் கேலி.

"இதுக்குப் பெட்ரோல் வேண்டாமா? அப்ப கொள்ளாமே, நல்ல காரியம். நாளைல இருந்து ஆட்டோவ வித்துட்டு மீன்பெட்டியில ஆளேத்தலாம்."

பாறை விளிம்பில் நின்று அவன் எறிந்தான். கிளைடர் நேரே போனது, பிறகு மூக்கைத் தாழ்த்தியது. நான் குச்சியை என் பக்கம் இழுத்தேன். அது கேட்கவில்லை. இன்னும் இழுத்தேன். நேராகப் போய்ப் பாறையில் குத்தியது.

என்ன நடந்தது என்று அங்கேயே விளங்கிவிட்டது. நான் இழுத்தது வலது விரலால். அந்த விரலுக்கு மேலும் கீழும் மட்டும்தான் தெரியும். ஆனால் இப்போது அது இருந்தது உன் குச்சியில். அந்தக் குச்சியை எவ்வளவு இழுத்தாலும் மூக்கு எழும்பாது. தூக்க வேண்டிய இடது விரலோ எதுவும் தெரியாமல் விழித்துக்கொண்டு சும்மா இருந்தது. கிளைடர் ஓட்டத் தெரியாதவளாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குப் பாதி தெரியும், அதுவும் தவறான கையில்.

"தச்சுப் பழகின கையில்லியா," என்றான் அண்ணன், துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே. "தையல் மெஷினு ஊசி மாதிரி நேர கீழ குத்திட்ட."

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதுவே. சும்மா பறக்கும்போது சரியாகத்தான் இருக்கும். பயம் வந்த நொடியில் வலது விரல் முந்திக்கொள்ளும். ஒட்டுவதற்குப் பால் கேட்டு ஒவ்வொரு முறையும் உன் வீட்டுக்குத்தான் போனேன். அங்கேயே முற்றத்தில் உட்கார்ந்து ஒட்டினேன். மாமி ஒன்றும் கேட்கமாட்டார். ஒட்டிய துண்டுகளை மட்டும் ஒருமுறை பார்ப்பார்.

ஒருநாள் சர்வோவின் பல் உடைந்தது. நெய்யாற்றின்கரையில் விளையாட்டுச் சாமான் ரிப்பேர் செய்யும் அந்தக் கடை உனக்குத் தெரியும். நீ உள்ளே போய்ப் பேரம் பேசும்போது நான் வெளியே நிற்பேன். இந்த முறை கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நானே நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் கடைக்காரரே கேட்டார்.

"எந்து வேணம் மோளே?"

"சர்வோ. சின்னது."

"ஆருக்கு? தம்பிக்கா?"

"எனக்காக்கும்."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். என் ரிமோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு மாற்றம் செய்தால் தூக்குவதையும் திருப்புவதையும் ஒரே வலது குச்சிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார். "இப்ப எல்லாவனும் அங்கனதான் ஓட்டுறான். உனக்கும் எளுப்பம்."

எளுப்பம்தான். என் வலது விரலுக்குத் தெரிந்ததை அது செய்யும், பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். அவர் திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டார்.

"வேண்டாம்," என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "இது இப்படியே இருக்கட்டு. நான் படிச்சுக்குவேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கவும் தெரியாது. அந்த வலது குச்சி நீ பிடித்தது. நீ விட்ட இடத்தில் அது அப்படியே இருக்க, நான்தான் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று தோன்றியது.

வழி கிடைத்தது தையல் கடையில். பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்ய, மனம் பாறையில் இருந்தது. நாம் கடைசியாக ஓட்டிய அந்த நீண்ட ஓட்டத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்தால், துணியின் மேல் என் வலது கட்டைவிரல் அசைகிறது. ஒரு சின்ன இழுப்பு, விடல். கொஞ்சம் சும்மா. மறுபடி ஒரு இழுப்பு, கொஞ்சம் பிடித்து, விடல். அன்றைய ஓட்டம் முழுவதும் அந்த விரலில் அப்படியே இருந்தது.

மெஷினை நிறுத்திவிட்டேன். திருப்பும்போதெல்லாம் கிளைடரின் மூக்கு இலேசாகத் தாழும். அதற்குத்தான் நான் தூக்குவேன். நான் எப்போதெல்லாம் தூக்கினேனோ, அதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் நீ திருப்பியிருக்கிறாய். நான் குறைவாகத் தூக்கியது நீ மெதுவாகத் திருப்பியபோது. நீண்ட நேரம் பிடித்தது, நீ கொழுப்பெடுத்து வட்டமாக வளைத்தபோது. உன் பாதி எனக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் திருப்பங்கள் எல்லாம் என் விரலில் பள்ளங்களாகக் கிடந்தன. அந்தப் பள்ளங்களை நிரப்பினால் போதும்.

அன்றிலிருந்து ரிமோட்டை வெறுமனே மடியில் வைத்துப் பழகினேன். தூக்குவதை இடது விரலுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு தூக்கலுக்கும் முன்னால் வலது விரல் திருப்ப வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில், பஸ்ஸில், அடுப்படியில் சோறு கொதிக்கும்போது. "பிள்ளைக்குக் கையில எந்தாவது வலிப்பு உண்டா?" என்று முதலாளியம்மா அண்ணனிடம் கேட்டிருக்கிறார். நான் நிறுத்தவில்லை. பாறையில் மீண்டும் விழுந்தது, விழுவது குறைந்தது, பிறகு ஒருநாள் அண்ணன் எறிந்துவிட்டுப் பாறையில் படுத்துத் தூங்கி எழும்பும்வரை கிளைடர் மேலேயே இருந்தது.

"இப்பமும் அங்கயா நிக்குது?" என்றான். அதற்குப் பிறகு ஆட்டோவை விற்கும் பேச்சை விட்டுவிட்டான்.

பால் கேட்டு நான் போகாமல் சில வாரங்கள் ஆனதும் மாமியே என்னைக் கூப்பிட்டார்.

"என்ன மக்கா, பறத்துறத விட்டுட்டியா?"

"இல்ல மாமி. இப்ப உடையல்ல."

மாமி கையைக் கழுவினார். பிறகு உன் அறைக்குப் போய், ஆணியிலிருந்து பெரிய கிளைடரை எடுத்துக்கொண்டு வந்தார். சேலைத் தலைப்பால் இறக்கையில் இருந்த ஒட்டடையைத் துடைத்தார்.

"நானும் வாறேன்," என்றார். "கீழ விளையில போய்ப் பொறக்கிட்டு வரப்பிடாது. மேல, என் கையில கொண்டுவந்து தரணும். கேட்டியா?"

இது என்ன நிபந்தனை என்று உனக்குத் தெரியும். நாம் ஒருநாளும் மேலே இறக்கியதில்லை. போதும் என்றானதும் நேரே வெளியே ஓட்டி, அடிவாரத்து மரச்சீனிக் கிழங்கு விளையில் விழவைத்துவிட்டு, இறங்கிப்போய் எடுப்போம். விளைக்காரர் திட்டுவார், நீ பதிலுக்குத் திட்டுவாய். மேலே இறக்க வேண்டுமென்றால் மலையை நோக்கித் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பினால் காற்று பின்னாலிருந்து தள்ளும், கையில் நிற்காது. அதை நீயும் செய்து பார்த்ததில்லை. என் விரலில் அதற்குப் பள்ளம் கிடையாது.

ஆனாலும் சரி என்றேன்.

போன ஞாயிறு மாமி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் ஏறினார். கிளைடரை ஒரு கையால் தலைக்கு மேலே பிடித்து, கடல் இருக்கும் திசையைப் பார்த்து நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எறியட்டா?"

நான் தலையாட்டினால் அவருக்குத் தெரியாது. "எறியுங்க மாமி! மேல வேண்டாம், நேரா!" என்று கத்தினேன்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கை. கிளைடர் ஆடாமல் நேரே போனது. காற்று அடியில் புகுந்து தூக்கியதும் சிவப்பு வால் பளிச்சென்று தெரிந்தது. இடது ஓரத்தில் திருப்பினேன், தூக்கினேன். வலது ஓரத்தில் திருப்பினேன், தூக்கினேன். மாமி இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் ஓட்டினேன் என்று தெரியாது. போதும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெயில் சாய்ந்து காற்று தளர ஆரம்பித்ததுதான் தெரிந்தது. மாமி கையை நீட்டினார்.

உயரமாக ஏற்றினேன். வெளியே பார்த்துத் திருப்பவே பழகிய விரலை அடக்கி, மலையைப் பார்த்துத் திருப்பினேன். கிளைடர் எறிந்த கல்லைப்போல எங்கள் தலைக்கு மேல் சீறிக்கொண்டு பின்னால் போனது. "அய்யோ மக்கா!" என்று மாமி உட்கார்ந்துவிட்டார். அது பாறைக்குப் பின்பக்கம் போய்க் கீழே இறங்கத் தொடங்கியது. அங்கே தூக்கும் காற்று இல்லை. ஒருமுறைதான் திருப்ப முடியும். வலது விரல் என்ன செய்யும் என்று நான் காத்திருக்கவில்லை. திருப்பினேன். மூக்கு மறுபடி காற்றைப் பார்த்தது, வேகம் தணிந்தது, கைவிட்ட துணிபோல மெதுவாக வந்து, மாமிக்கு எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் புல்லில் குத்தி நின்றது.

மாமி ஓடிப்போய் எடுத்தார். மூக்கு நசுங்கியிருந்தது. அதைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"நடக்கப் படிச்சப்பவும் அவ இப்படித்தான் ஆக்கும்," என்றார். "கிட்ட வந்துட்டு, தள்ள என் கையப் பிடிக்காம மூக்குக் குத்தி விழுவா." சொல்லிவிட்டுச் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு கிளைடரை மறுபடி தலைக்கு மேலே தூக்கினார். "இன்னும் காத்து உண்டா? இன்னொருக்கா எறியட்டா?"

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வெளிப்பக்கமாக நான் போடும் திருப்பங்கள் எல்லாம் உன்னுடையவை. என் விரலில் தேடி எடுத்தேன், இனி விடமாட்டேன். ஆனால் மலையைப் பார்த்துப் போட்ட அந்த ஒன்று உன்னிடமும் இருந்ததில்லை, என்னிடமும் இருந்ததில்லை. உன் அம்மை கையை நீட்டிக்கொண்டு நின்றதால் வந்தது. இப்போது அதுவும் என் கையில் உண்டு.